பாடினோரும் கேட்டோரும்

கொடுங்கோலாட்சியின் கீழ் வாடும் மக்கள் பாடலாமா, நாடகம் ஆடலாமா என்னும் வினா நெடுநாளாகவே ஆராயப்பட்டு வருகின்றது. துயரத்தின் நடுவே பாட்டு எதற்கு என்பர் ஒரு சாரார். பாட்டே துயரை வெல்லும் படைக்கலம் என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இரு சாராரும் பாடுகிறவனைப் பற்றியே வாதாடுகின்றனர். அவன் எதிரே அமர்ந்து கேட்கிறவனைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்தக் கேட்கிறவனையே நாம் இங்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

மேல்நாட்டார் ‘ஆப்பெரா’ என்றழைக்கும் இசை நாடகத்தை நம் வாசகருள் பலர் கண்டிருக்கமாட்டார்கள். அதனால் குறைவொன்றுமில்லை. நம் தெருக்கூத்தில் ராஜா பாடிக்கொண்டே சபைக்கு வருவது போல, அந்நாடகத்திலும் மாந்தர் சினப்பதும் அழுவதும் கடிதம் படிப்பதும் கூடப் பாட்டாகவே நிகழும். மேடைக்கு முன்னே பள்ளத்தில் பெரியதொரு வாத்தியக் கோஷ்டி அமர்ந்து வாசிக்கும். பிரபுக்களின் மாளிகையில் பிறந்த கலைதான். என்றாலும் அடக்கப்பட்டோர் கதை அதனுள் அடிக்கடி வந்து புகுந்துகொண்டது. அடக்கப்பட்டோர் தாமே, அடைபட்ட இடத்திலேயே, அதனை நடத்தியதும் உண்டு. முதலில் அதனைக் கூறுவோம்.

செக் நாட்டின் தலைநகராகிய பிராக் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் டெரெசின் என்றொரு கோட்டை ஊர் இருக்கின்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி தம் தாயார் மரியா தெரேசாவின் பெயரால் கட்டுவித்தது அது. 1941 நவம்பரில் ஹிட்லரின் ஆட்கள் அதனை யூதர்களை அடைத்து வைக்கும் ஊராக மாற்றினர். ஏறத்தாழ 7,000 பேர் வசித்த அவ்வூரில் 1942 செப்டம்பரில் 58,000 பேருக்கு மேல் நெருக்குண்டு கிடந்தனர். போர் முடியும் வரை அங்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 1,40,000 பேருக்கு மேலாவர். அவருள் ஏறத்தாழ 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டனர். ஏறத்தாழ 88,000 பேர் கிழக்கே ஆஷ்விட்ஸ் முதலிய கொலைக்களங்களுக்கு ரயிலேற்றப்பட்டனர்.

அங்கே அடைபட்டோருள் வித்துவான்கள் பலர் இருந்தனர். தொடக்கத்தில் கூரையடி மச்சுகளிலும் நிலவறைகளிலும் ஒளிந்து பாடினர். பின்னர் அதிகாரிகளே பாட அனுமதித்தனர். இந்த அனுமதியை இரக்கம் என்று எவரும் மயங்கலாகாது. எப்படியும் சாகப் போகிறவர்கள்தாமே, பாடிவிட்டுப் போகட்டும் என்பது ஒன்று. உலகுக்குக் காட்ட ஓர் அழகிய திரைச்சீலை வேண்டியிருந்தது மற்றொன்று.

ஹான்ஸ் கிராசா என்பார் 1938இல் இயற்றிய ‘புருண்டிபார்’ என்னும் சிறுவர் இசை நாடகம் அங்கே 1943 செப்டம்பர் 23ஆம் நாள் அரங்கேறியது. கதை மிக எளியது. தந்தையை இழந்த அண்ணன் தங்கை இருவர். தாய் நோயுற்றிருக்கிறாள், அவளுக்குப் பால் வேண்டும், கையில் காசில்லை. சந்தையிலே பாடிக் காசு சேர்க்க எண்ணுகின்றனர். அங்கே கைப்பிடியைச் சுழற்றி இசைப்பெட்டி வாசிக்கும் புருண்டிபார் என்னும் முரடன் ‘இது என் இடம்’ என்று அவர்களை விரட்டிவிடுகிறான். ஒரு குருவியும் பூனையும் நாயும் துணைக்கு வருகின்றன. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் திரண்டு வருகின்றனர். எல்லாரும் கூடிப் பாட, முரடன் ஓட்டமெடுக்கிறான். இவ்வளவுதான் கதை. முரடன் யார் என்பது சபையில் இருந்த சிறு குழந்தைக்கும் தெரியும். நாடகம் 55 முறை நடந்தது. நடித்த பிள்ளைகள் ரயிலேற்றப்பட்டபோதெல்லாம் வேறு பிள்ளைகள் அந்த வேடத்தைப் பயின்று மேடையேறினர்.

பூனையாக நடித்த எலா வைஸ்பெர்கர் என்னும் அம்மையார் உயிர் பிழைத்தார். மேடையில் நின்ற நேரம் மட்டும் சட்டையில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தை அவிழ்த்து வைக்க அனுமதி இருந்தது என்று அவர் பிற்காலத்தில் பல முறை கூறியுள்ளார். ‘இவர் யூதர், விலகி நில்லுங்கள்’ என்று கண்டார்க்கு அறிவிக்கும் அடையாளம் அது. பிறர் இட்ட அடையாளத்தைச் சுமந்து தெருவில் நடப்பது இன்னதென்று நம் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பாட்டு என்ன கொடுத்தது என்று கேட்போருக்கு இந்த ஒரு செய்தியே போதும். நாடகம் நடந்த அந்தச் சிறு பொழுதில் அவர்கள் பிள்ளைகளாக மட்டுமே இருந்தனர்.

இனித்தான் சிக்கல் தொடங்குகின்றது. 1943 அக்டோபரில் டென்மார்க்கிலிருந்து பிடித்துவரப்பட்ட யூதர் 450க்கும் மேற்பட்டோர் டெரெசினில் அடைக்கப்பட்டனர். அவர் நிலை யாதென அந்நாட்டு அரசாங்கம் விடாது வினவியது. ஆகவே செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்து பார்க்கலாம் என்று இசைந்தனர் அதிகாரிகள். வருமுன் ஊர் அலங்கரிக்கப்பட்டது. வீதிகள் கழுவப்பட்டன, பூச்செடிகள் நடப்பட்டன, கடைகளில் சாமான்கள் அடுக்கப்பட்டன, சதுக்கத்தில் வாத்தியம் வாசிக்க மண்டபம் எழுந்தது. ஊர் நெருக்கமாகத் தெரியக் கூடாதென்று 1944 மே மாதத்தில் 7,503 பேர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். ஜூன் 23ஆம் நாள் விருந்தாளிகள் வந்தனர். டென்மார்க்கார் இருவர், அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவின் சார்பில் மோரிஸ் ரொசெல் என்னும் சுவிட்சர்லாந்து வைத்தியர். வரைந்து வைத்த வழியில் நடந்தனர்; காட்டியதைக் கண்டனர். ‘புருண்டிபார்’ நாடகமும் காட்டப்பட்டது. ரொசெல் எழுதிய அறிக்கை ஊரைப் பற்றி நல்லவிதமாகவே பேசிற்று.

அத்தோடு நிற்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அவ்வூரைப் பற்றிச் சினிமாப் படம் ஒன்று எடுத்தனர். அதிலும் அந்தப் பிள்ளைகள் பாடும் காட்சி இடம்பெற்றது. படம் எடுத்து முடிந்த பின், செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 28 வரை ஒரே மாதத்தில் 18,000 பேருக்கு மேல் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேறினர். நாடகம் இயற்றிய கிராசா அக்டோபர் 16ஆம் நாள் ரயிலில் போனார். படத்தை இயக்குமாறு கட்டளையிடப்பட்ட நடிகர் கர்ட் ஜெரோன், தாமும் ஒரு கைதியாயிருந்தவர், கடைசி ரயிலில் போனார். ஒருவரும் மீளவில்லை.

முரடனை விரட்டும் பாட்டு முரடனுக்கே விளம்பரமாயிற்று. அவ்வாறாயின் பாடியது குற்றமா? பிள்ளைகளைப் பற்றி இக்கேள்வியை எழுப்புவதே பாவம். கிராசாவைப் பற்றியும் நாம் தயங்காமல் விடை கூறுவோம். செய்கையின் தன்மையை, அதன் பின்னே நிற்கும் எண்ணத்தைக் கொண்டு அளக்க வேண்டும். அவர் எண்ணம் பிள்ளைகளுக்குப் பாட்டு கொடுப்பது. அதிகாரியின் எண்ணம் பொய்க்குச் சாட்சி தேடுவது. ஒரே மேடையில் நிகழ்ந்தாலும் அவை இரு வேறு செயல்கள். ஜெரோன் விஷயத்தில்தான் நெஞ்சம் சற்று இடறுகின்றது. பொய்ப்படத்தை அவர் கையே இயக்கிற்று. மறுத்திருந்தால்? மறுத்தவன் அடுத்த ரயிலில் ஏற்றப்படுவான். படம் வேறொருவனால் எடுக்கப்படும். இயக்கியும் அவர் தப்பவில்லை. வயிறு நிறைந்து நாற்காலியில் சாய்ந்திருந்து இதற்குத் தீர்ப்பெழுதுகிறவரை நாம் நம்புவதில்லை. நாமும் எழுதப் போவதில்லை.

அதே ஊரில் ரஃபேல் ஷேக்டர் என்னும் இசை நடத்துநர் வேறொரு காரியம் செய்தார். இத்தாலியராகிய வெர்டி 1874இல் அரங்கேற்றிய ‘ரெக்வியம்’ என்னும் பெரும் இசையமைப்பு, கத்தோலிக்கர் இறந்தோர்க்காகச் செய்யும் வழிபாட்டின் லத்தீன் வாசகங்களால் ஆனது. யூதர் ஏன் கத்தோலிக்கப் பூசையைப் பாட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களே எதிர்த்தனர். ஷேக்டர் பிடிவாதமாக நின்றார். இருந்தது ஒரே இசைப் பிரதி. ஏறத்தாழ 150 பேர், பகலெல்லாம் வேலை செய்து களைத்தவர்கள், இரவில் கூடி வாய்ப்பாடமாகவே கற்றனர். ரயில்கள் பாடகரைக் கொண்டுபோகக் கொண்டுபோகக் குழுவை அவர் மீண்டும் மீண்டும் புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. 16 முறை பாடினர் என்பர். இறுதி முறை அந்தச் செஞ்சிலுவை வருகையை ஒட்டி நிகழ்ந்தது. தீர்ப்பு நாளின் சினத்தையும், மறைந்தவை யாவும் வெளிப்படுமென்பதையும், தண்டனை தப்பாதென்பதையும் கூறும் வாசகங்கள் அதில் உண்டு. அதிகாரிகளின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பாடிவிடலாம் என்று ஷேக்டர் தம் குழுவினரிடம் கூறியதாக உயிர் பிழைத்தோர் நினைவுகூர்ந்துள்ளனர்.

இதனை மகத்தான வெற்றி என்று இக்காலத்தில் கொண்டாடுவோர் பலர். நாம் அவ்வாறு கூற அஞ்சுகின்றோம். அந்தப் பாட்டால் ஒரு ரயிலும் நிற்கவில்லை. ஓர் அதிகாரியும் மனம் மாறவில்லை. வெற்றி என்றால், மறுநாள் விடியலில் ரயிலேறியவளிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? பாடினோர்க்கு அதனால் கிடைத்தது வேறு. நூற்பாலையில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே நின்றவர்க்கு இது எளிதில் விளங்கும். தன் குரல் தன் காதுக்கே எட்டாது; ஆனாலும் உதடுகள் பாடிக்கொண்டேயிருக்கும். மேஸ்திரிக்கு அது உற்சாகமாக வேலை செய்வதாகத் தோன்றும். பாடுகிறவன் மேஸ்திரிக்காகப் பாடவில்லை, எதிர்த்தும் பாடவில்லை. எட்டு மணி நேரத்தில் தனக்கென்று ஒரு மூலையைக் காத்துக்கொள்கிறான். ஆலையும் வதைமுகாமும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. பாட்டின் இயல்பைச் சொல்ல வந்தோம்.

அவ்வூரில் இயற்றப்பட்டவற்றுள் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது விக்டர் உல்மன் இசையமைத்து, பீட்டர் கீன் என்னும் இளங்கவி எழுதிய ‘அட்லாண்டிஸின் சக்கரவர்த்தி’. 1943, 44ஆம் ஆண்டுகளில் உருவான சிறு நாடகம் இது. எல்லாரும் எல்லாரோடும் போரிடுக என்று சக்கரவர்த்தி ஆணையிடுகிறான். ஆணையை ஒலிபெருக்கி ஊரெங்கும் முழங்குகிறது. மரணம் என்பவன் இந்நாடகத்தில் ஒரு பாத்திரம்; முதுமையடைந்த படைவீரன் வடிவில் வருகிறான். தன் தொழிலைச் சக்கரவர்த்தி தன்னைக் கேளாமலே ஏலம் போட்டுவிட்டதை எண்ணி அவன் மானமழிகிறான்; இனி என் வேலையைச் செய்யேன் என்று வாளை முறித்துப் போடுகிறான். தூக்கிலிட்டவன் சாகவில்லை; சுடப்பட்டவன் சாகவில்லை. சாவைக் காட்டி மிரட்டி ஆண்டவனுக்கு இப்போது மிரட்ட ஒன்றுமில்லை. போர்க்களத்தில் எதிரெதிராக நின்ற ஒரு வீரனும் ஒரு பெண்ணும் கொல்ல முடியாமற் போகவே ஒருவரையொருவர் பார்க்கின்றனர், அன்பு பிறக்கின்றது. ஆனால் சாக வேண்டிய நோயாளிகளும் சாகாமல் துடிக்கின்றனர். மீண்டும் தொழிலுக்கு வருமாறு சக்கரவர்த்தி மரணத்தை வேண்டுகிறான். முதலில் நீ வருவாயானால் வருகிறேன் என்கிறான் மரணம். சக்கரவர்த்தி இசைகிறான்.

மரணத்தைப் பகையாக்காமல், மாந்தரின் பழைய துணையாக இங்கே காட்டியிருக்கின்றனர். நாள்தோறும் பிண வண்டி உருளும் ஊரில் இருந்துகொண்டு இவ்வாறு எண்ண எத்துணைத் தெளிவு வேண்டும்! சாவு இயற்கை, சாவைப் பண்டமாக்கி ஆளுவது அக்கிரமம். நாடகத்தின் நடு நரம்பு இதுவே. 1944இல் ஒத்திகை நடந்தது, அரங்கேறவில்லை. அக்டோபர் 16ஆம் நாள் ரயிலிலேயே உல்மனும் கீனும் ஷேக்டரும் கொண்டுபோகப்பட்டனர். போகுமுன் உல்மன் தம் கையெழுத்துப் பிரதிகளை நண்பரிடம் விட்டுச் சென்றமையால் அவை தப்பின. 1975 டிசம்பர் 16ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் அந்நாடகம் முதன்முறையாக மேடையேறியது. இயற்றியோர் இறந்து 31 ஆண்டுகள் சென்றபின்.

இனிக் கேட்டோரிடம் வருவோம். மோரிஸ் ரொசெலை 1979இல் கிளோட் லான்ஸ்மான் என்னும் பிரெஞ்சுப் பட இயக்குநர் கண்டு பேசினார். அப்பேட்டி 1997இல் படமாக வெளிவந்தது. அதில் ரொசெல் கூறுவது யாது? அங்கிருந்தோர் தமக்கு யாதொரு குறிப்பும் காட்டவில்லையாம். ஒரு துண்டுக் காகிதத்தையேனும் கையில் திணித்திருக்கலாமாம். தாம் எழுதிய அறிக்கையில் இன்றும் கையெழுத்திடுவதாகவும் கூறினார். வாசகர்களே, இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். எளியவர்கள் கூடி முரடனைத் துரத்தும் நாடகம் அவர் கண்முன் நடந்தது. அதற்குப் பிறகும் அவர் காகிதத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். பாட்டின் மொழி அவர்க்கு அயல்மொழி என்று சமாதானம் கூறலாம். கூறட்டும். இத்தனை காவலர் ஏன் உடன் வருகின்றனர், எவரும் என்னோடு தனித்து ஏன் பேசவில்லை என்று எண்ண எந்த மொழியும் வேண்டுவதில்லை. ரொசெலைக் கொடியவர் என்று நாம் கூறவில்லை. கேட்டால் ஏதேனும் செய்ய வேண்டிவரும் என்ற அச்சமுடையவன் காது, தானாகவே அடைத்துக்கொள்ளும். அது மூடிய காதென்று அவனுக்கே தெரியாது.

இது ஒருவர் கதை. ஒரு தேசமே அவ்வாறிருந்ததற்கு பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’ சான்று. அரசியற் பகையால் நிலவறையில் அடைக்கப்பட்ட கணவனை மீட்க, மனைவி ஆண் வேடம் பூண்டு சிறைக்காவலனிடம் வேலைக்குச் சேரும் கதை அது. இடையிலே கைதிகள் சிறிது நேரம் வெளிச்சத்துக்குத் திறந்துவிடப்படும் காட்சி வரும். காற்றைச் சுவாசித்து உள்ளம் பூரிக்கின்றனர். உடனே ஒருவன், மெல்லப் பேசுங்கள், கண்ணும் காதும் நம்மேல் இருக்கின்றன என்று எச்சரிக்கின்றான். 1805 நவம்பர் 20ஆம் நாள் வியன்னாவில் முதன்முறை நடந்தபோது நகரம் நெப்போலியன் படையின் கையில் இருந்தது. சபையில் பிரெஞ்சு அதிகாரிகளே மிகுதி. விடுதலை நாடகத்தை வென்ற படையார் பார்த்துச் சென்றனர்! ஹிட்லர் ஆட்சியிலும் ஜெர்மானிய அரங்குகளில் அது நடந்துகொண்டேயிருந்தது. மாலையில் சபையார் கைதிகளுக்காக உருகினர். அவ்வேளையிலும் நாட்டின் முகாம்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. முகத்தை மூடிக்கொண்டு அரங்கைவிட்டு வெளியே ஓடாமல் எப்படித்தான் அமர்ந்திருந்தார்களோ என்று தாமஸ் மான் என்னும் பேரெழுத்தாளர் 1945இல் ஒரு கடிதத்தில் வியந்து கேட்டார்.

அந்நாடகமே 1989 அக்டோபர் 7ஆம் நாள் டிரெஸ்டன் நகரில், போரில் இடிந்து 1985இல் மீண்டும் திறக்கப்பட்ட ஆப்பெரா மாளிகையில் நடந்தது. அன்று கிழக்கு ஜெர்மனி அரசு தன் 40ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், நாட்டைவிட்டு வெளியேறுவோரை ஏற்றிய ரயில்கள் அந்நகர் வழியே சென்றபோது நிலையத்தில் திரண்ட மக்களைப் போலீஸார் அடித்து விரட்டியிருந்தனர். கிறிஸ்டினே மீலிட்ஸ் என்னும் அம்மையார் மேடையில் அமைத்த சிறை, முள்வேலியும் காவல் விளக்கும் கொண்ட அவர்கள் நாட்டுச் சிறையாகவே இருந்தது. கைதிகள் மெல்லப் பேசுங்கள் என்று பாடியபோது சபையார் அதனை ஸ்பெயின் தேசத்துக் கதையாகக் கேட்கவில்லை. பெருங் கரவொலி எழுந்தது. இரு நாள் கழித்து லைப்சிக் நகரில் ஏறத்தாழ 70,000 பேர் வீதியில் நடந்தனர். நவம்பர் 9ஆம் நாள் பெர்லின் சுவர் திறந்தது. நாடகம் சுவரை இடித்தது என்று கூறுவோர் மிகைப்படுத்துகின்றனர். சுவரை இடித்தவர்கள் நடந்தவர்கள். ஆனால் பீத்தோவன் எழுதிய பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1944இல் கேட்டவனுக்கும் 1989இல் கேட்டவனுக்கும் இடையே மாறியது காது. பின்னவன் அந்தப் பாட்டிலே தன்னைக் கேட்டான். கைதட்டினால் தனக்குக் கேடு வரக்கூடும் என்றறிந்தும் தட்டினான்.

அடக்குமுறையைப் பற்றிய நாடகங்களுக்கு இக்காலத்தில் பெரிய மாளிகைகளில் குறைவில்லை. மெனோட்டி என்பார் 1950இல் அரங்கேற்றிய ‘கான்சல்’ என்னும் நாடகத்தில், வெளிநாட்டுத் தூதரக அலுவலகத்தில் அனுமதிச்சீட்டுக்காகக் காத்துக் காத்து ஒரு பெண் மாய்கிறாள். உங்கள் பெயரென்ன, தொழிலென்ன, நாளை வாருங்கள் என்ற எழுத்தரின் வாய்பாடே அங்குக் கொலைக்கருவி. நல்ல நாடகம். ஆனால் விலை கொடுத்துச் சீட்டு வாங்கி, அவளுக்காக அழுது, அழுதோம் ஆகையால் நல்லவர்கள் என்று மனநிறைவோடு வீடு திரும்புகிறவர் ஒருவர். மறுநாள் தம் அலுவலக மேசைக்கு முன் வந்து நிற்கும் ஏழையிடம் நாளை வா என்று சொல்கிறவரும் அவரே. கண்ணீர் அவருடைய கடனைத் தீர்க்கவில்லை. கடனை மறக்கச் செய்தது. நாம் கலையைப் பழிக்கவில்லை. துக்கத்தைக் கேட்பது ஒரு செயல். அது தானாக நல்வினையாகிவிடாது என்கின்றோம்.

மர்ரி சிட்லின் என்னும் அமெரிக்க இசை நடத்துநர், ஷேக்டர் குழுவின் வரலாற்றை இடையிடையே எடுத்துரைத்து வெர்டியின் அதே இசையை 2002 முதல் நடத்தி வருகின்றார். 2006இல் டெரெசினிலேயே நடத்தினார். இறுதியில் பாடுவோர் மெல்ல வெளியேறுவர். சபையார் கைதட்டலாகாது என்பது அங்கு விதி. இவ்விதியை நாம் முழு மனதோடு ஏற்கின்றோம். கைதட்டல் கணக்கை முடித்துவிடும். தட்டிவிட்டால் எழுந்து போய்விடலாம்.

‘புருண்டிபார்’ விஷயத்தில் மட்டும் நமக்கு வேறு எண்ணம். பல நாடுகளில் இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அதனை நடிக்கின்றனர். பூனையாக நடித்த எலா அம்மையார் 2018இல் காலமாகும் வரை அத்தகைய சபைகளுக்குத் தேடிச் சென்று, தம் கதையைச் சொல்லி, இறுதி வெற்றிப் பாட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடுவது வழக்கம். அங்கே கைதட்ட வேண்டும். பால் வாங்கக் காசு சேர்க்கும் பிள்ளைகளுக்குக் கைதட்டாமல் இருக்கலாமா?